வடபழனியில் ‘மேதைக் குழந்தை’ சோதனை: டெஸ்ட் நன்று, பேக்கேஜ் வேண்டாம்

அக்கா மகளுக்கு எட்டு வயது, கணக்கில் சூட்டிகை. “இவளைச் சும்மா விட்டுடாதீங்க” என்று பள்ளியில் யாரோ சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. அதனால் வடபழனி பக்கம் ஒரு மையத்தில் ஐ.க்யூ. எனும் அறிவுத்திறன் சோதனை எடுத்தோம். இதே பேச்சைப் பேசும் இடங்கள் சென்னையில் நிறைய இருப்பதால் பெயர் போடவில்லை.

சோதனை எடுத்த அம்மா அருமையானவர். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னார். அப்புறம் சில எண்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இவள் விரலால் தொடைமேல் எண்களை எழுதிக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படித்துச் சொன்னாள். அந்த அம்மா அதைக் கவனித்துத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். குழந்தை கொட்டாவி விட்டதும் நிறுத்திவிட்டு பிஸ்கட் கொடுத்தார். ரிப்போர்ட்டும் தெளிவு: எதில் முன்னே, எதில் சாதாரணம், எழுதும் வேகம் ஏன் குறைவு என்றெல்லாம் இருந்தது. கொடுத்த காசுக்கு இது தகும்.

பிரச்சினை அடுத்த அறையில். கோட்டு போட்ட தம்பி ஒருவர், மூன்று வருடப் பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் என்று ஆரம்பித்தார். “இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது சார், இவ பெரிய சயின்டிஸ்ட்டா வருவா.” எட்டு வயது மார்க்கை வைத்து நாற்பது வயதுக்கு ஜாதகம்!

சின்ன வயது மார்க் பிற்காலத்தைச் சொல்லிவிடுமா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-லேயே கையில் எடுத்தார். ஐ.க்யூ. மிக அதிகமான 1500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். பேராசிரியர், வக்கீல், டாக்டர் என்று பலர் நன்றாகவே வந்தார்கள்; சாதாரண வேலைக்குப் போனவர்களும் உண்டு. ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. ஆனால் அதே சோதனையில் தேறாமல் விடப்பட்ட ஷாக்லிக்கு 1956-லும், அல்வாரெஸுக்கு 1968-லும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

அதற்காகச் சோதனை எல்லாமே புளுகு என்று நான் சொல்லவில்லை. ஜூலியன் ஸ்டான்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-ல் தொடங்கிய ஆய்வில், பன்னிரண்டு பதிமூன்று வயதில் கணக்கில் உச்சத்தில் இருந்த பிள்ளைகள் முனைவர் பட்டமும் காப்புரிமையும் பெற்ற விகிதம் மற்றவர்களைவிட மிக அதிகம். கூட்டமாகப் பார்த்தால் கணிப்பு நிற்கிறது. எங்கள் வீட்டுக் குழந்தை ஒருத்தியை மட்டும் எடுத்தால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தம்பி அதைத்தான் விற்றார்.

அவர் தலைக்குமேல் ராமானுஜன் படம். பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலத் தேர்வு) தேறாமல், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். அங்கே நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் ஸ்பிரிங்கும் கைகொடுத்தார்கள். பேக்கேஜ் எதுவும் இல்லை. பக்கத்தில் குகேஷ்: 2019-ல் பன்னிரண்டு வயதில் செஸ் கிராண்ட்மாஸ்டர், 2024-ல் உலக சாம்பியன். சரி, 2006-ல் பதிமூன்று வயதில் கிராண்ட்மாஸ்டரான பரிமார்ஜன் நேகி எங்கே? அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போய்விட்டார். அது தோல்வியா என்ன? ஆனால் இந்தச் சுவரில் அவருக்கு இடமில்லை.

“மாமா, நான் சயின்டிஸ்ட் ஆகலேன்னா காசு திரும்பத் தருவாங்களா?” என்று இவள் கேட்டாள். தம்பி சிரித்து மழுப்பினார். குழந்தை காதுபட இதையெல்லாம் பேசியதற்கே ஒரு ஸ்டாரைக் கழிக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலை நேரம் கேளுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிப் போங்கள். பார்க்கிங் கிடையாது, மெட்ரோ வசதி. சோதனைக்கு நான்கு ஸ்டார், பயிற்சி விற்பனைக்கு ஒன்று. போன் நம்பர் கேட்டால் யோசித்துக் கொடுங்கள், அக்காவுக்கு இன்னமும் கூப்பிடுகிறார்கள்.