பிரசவத்துக்கு முன்பா, பின்பா?

ஏற்காட்டில் குடியிருந்து, கருப்பூரிலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் கருவுற்றிருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பிரசவத்துக்கு முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் மனப்பாரம் குறையும். ஆனால் நெறியாளரின் ஒவ்வொரு திருத்தத்துக்காகவும், மடியில் எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, விடுப்பெடுத்துப் பிரசவத்துக்குப் பின் சமர்ப்பிப்பது. விடுப்பைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாட்கள் வரை இடமளிக்கின்றன; ஆய்வுக்காலத்தை 2 ஆண்டுகள் நீட்டிக்கவும் வழியுண்டு. எனினும், தாய்வீட்டில் தொட்டிலை ஆட்டியபடி கடைசி இயலைத் திறந்தால், நம் அடிக்குறிப்புகளே யாரோ எழுதியவைபோலத் தோன்றும். (‘பச்சை உடம்பு, கண் கெட்டுப்போகும்’ என்று பாட்டி மடிக்கணினியை மூடிவைப்பது தனிக்கதை.) தரவுகள் முழுமையாகக் கையிலிருந்தால் முதல் வழியையும், களப்பணி மிச்சமிருந்தால் தயங்காமல் இரண்டாவதையும் பரிந்துரைப்பேன்.