ஹார்பருக்கு லைசென்ஸ் ஃபீஸ்னு பில் வந்தா காசு கட்டிடாதீங்க

கம்பெனிக்குள்ளயே கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி (ஆப்ப பேக் பண்ணி வெச்ச இமேஜ்ங்கிற ஃபைல்கள சேத்து வெக்கிற சர்வர், ஹார்பர் அதுக்கான ஒரு சாஃப்ட்வேர்) வைக்கணும்னு வெளி ஆளுங்கள கூப்பிடுறவங்க இத படிச்சிட்டு காசு குடுங்க. 2020 நவம்பர்ல டாக்கர் ஹப்னு எல்லாரும் இமேஜ் இறக்குற பொது ரெஜிஸ்ட்ரி புல் லிமிட் (இறக்குறதுக்கு வரம்பு) போட்டுச்சுல்ல, லாகின் இல்லாம ஆறு மணி நேரத்துக்கு 100 தடவ தான்னு, அப்போல இருந்தே எங்க பில்டு (கோட ஆப்பா மாத்துற வேல) பாதில பாதில நிக்கும். சரி சொந்தமா ஒண்ணு வெச்சிக்கலாம்னு எங்க மேனேஜர் ஒரு சர்வீஸ் பார்ட்டிய புடிச்சாரு. பேரு வேணாம்.

பில்லுல முதல் வரியே "ஹார்பர் என்டர்பிரைஸ் லைசென்ஸ், 1 வருஷம்". ஹார்பர் விஎம்வேர்ல ஆரம்பிச்சு அப்புறம் சிஎன்சிஎஃப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்கு குடுத்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ங்க, அப்பாச்சி 2.0 லைசென்ஸ், கிட்ஹப்ல இருந்து இறக்கி யார் வேணா போட்டுக்கலாம், ஒத்த ரூபா கிடையாது. கேட்டதுக்கு "சார் இது எங்க ஸ்பெஷல் பில்டு சார்"ன்னாரு. ஓடுற கன்டெய்னர காட்டுற டாக்கர் பிஎஸ் கமாண்ட அடிச்சு பாத்தா அத்தனை இமேஜும் கோஹார்பர்னு தான் ஆரம்பிக்குது, அது ஹார்பர் ப்ராஜெக்ட்டோட சொந்த பேரு, என்ன ஸ்பெஷலோ. இன்ஸ்டால் பண்ற கூலின்னு கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்போம், அது நியாயம்.

அடுத்த வரி, செக்யூரிட்டி ஸ்கேனிங். ஹார்பர்ல இமேஜ்ல பாதுகாப்பு ஓட்டை இருக்கான்னு ஸ்கேன் பண்ண வழக்கமா ட்ரிவிங்கிற டூல் வேணும், அது தானா வராது, இன்ஸ்டால் ஸ்கிரிப்ட ஓட்டும்போது வித் ட்ரிவின்னு சேத்து குடுக்கணும். எங்க சர்வர்ல ட்ரிவி அடாப்டர்னு ஒரு கன்டெய்னரே ஓடல, ஆனா காசு மட்டும் வாங்கியாச்சு.

எஸ்எஸ்எல்லுக்கும் (நெட்வொர்க்ல போறத யாரும் படிக்க முடியாம மறைச்சு அனுப்புறது) தனியா ஒரு தொகை. ஹார்பர் ஒய்எம்எல்னு இருக்க செட்டிங்ஸ் ஃபைல தெறந்தா அதுக்கான எச்டிடிபிஎஸ் பகுதி முழுக்க ஹேஷ் போட்டு கமெண்ட் பண்ணி வேல செய்யாம வெச்சிருக்கு, அதுக்கு பதிலா எங்க ஒவ்வொரு மெஷின்லயும் டாக்கர் செட்டிங்ஸ் ஃபைலான டீமன் ஜேசன்ல இன்செக்யூர் ரெஜிஸ்ட்ரீஸ்னு (மறைக்காம பேசினாலும் பரவால்லன்னு) ஹார்பர் சர்வர் ஐபிய போட்டுட்டு போயிருக்காங்க. அதாவது டாக்கர் லாகின் அடிக்கும்போது பாஸ்வேர்டு யார் வேணா திருப்பி படிக்கிற மாதிரி வெறும் பேஸ்64ல நெட்வொர்க்ல போகுது. அந்த ஹார்பர் ஒய்எம்எல் ஃபைல்ல அட்மின் பாஸ்வேர்டு ஹார்பர்12345, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ரூட்123, ரெண்டும் அப்படியே டிஃபால்ட்டு. இன்னொண்ணு, ஒரு தடவ ஹார்பர் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா அந்த ஃபைல்ல அட்மின் பாஸ்வேர்ட மாத்தி பிரயோஜனம் இல்ல, வெப் பேஜ்ல லாகின் பண்ணி தான் மாத்தணும்.

இதெல்லாம் கூட போகட்டும். எங்க டீம்ல புதுசா சேந்த பொண்ணு மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு, டாக்கர் லாக்அவுட் பண்ணிட்டு, வெளில இருந்து நம்ம ஐபில லைப்ரரி ப்ராஜெக்ட்ல இருக்க பில்லிங் ஆப்ப புல் பண்ணி காட்டுச்சு. லேயர் லேயரா இறங்குது, பாஸ்வேர்டு கேக்கவே இல்ல! ஹார்பர் கூடவே வர்ற லைப்ரரிங்கிற ப்ராஜெக்ட் பப்ளிக், யார் வேணா எடுக்கலாம், அந்தாளு எல்லா இமேஜையும் அதுலயே தள்ள சொல்லிக் குடுத்திருக்காரு. இமேஜ் உள்ள பேமெண்ட் கேட்வே கீ வரைக்கும் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எல்லா கீயையும் மாத்தினோம்.

இது வெளிய வந்ததே டிஸ்க் ஃபுல் ஆகி புஷ் (இமேஜ ஏத்துறது) ஃபெயில் ஆனதால தான். 500 ஜிபி தனி டிஸ்க்னு பில் இருக்கு, டிஸ்க்கும் மாட்டியிருக்கு, ஆனா இமேஜ எங்க சேமிக்கணும்னு சொல்ற டேட்டா வால்யூம் செட்டிங் டிஃபால்ட்டா ரூட் டிஸ்க்ல ஸ்லாஷ் டேட்டாவ தான் காட்டுது, 500 ஜிபி காலியா தூங்குது. பழைய இமேஜ டெலீட் பண்ணாலும் இடம் வரல, ஏன்னா கார்பேஜ் கலெக்ஷன் ஓடுனா தான் ஃபைல் நிஜமா போகும், அதுக்கு ஷெட்யூலே வெக்கல.

ஆளுக்கு போன் போட்டா "அது ஏஎம்சில (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்) வரும் சார், தனி சார்ஜ்"ன்னு கூச்சமே இல்லாம சொல்றாரு, லைசென்ஸ் ரினியூ பண்ணலன்னா சர்வர் லாக் ஆயிடும்னு வேற மிரட்டல். ஹார்பர்ல அப்படி லாக் ஆகுறதுக்கு லைசென்ஸ் கீன்னு ஒண்ணே கிடையாது. இப்ப பாக்கி பணத்த நிறுத்தி வெச்சிட்டு, இல்லாத லைசென்ஸுக்கு வாங்குனத திருப்பி தரச்சொல்லி வக்கீல் மூலமா நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். உங்க ஆபீஸ்ல இதே மாதிரி பில்லு ஏதாச்சும் இருந்தா, முதல்ல அந்த லைப்ரரி ப்ராஜெக்ட வெளி நெட்ல இருந்து லாகின் இல்லாம புல் பண்ணி பாருங்க, பில்லு சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்.