கும்பகோணத்தில் வாங்கிய ‘7.1’ சவுண்ட் கார்டும் மூன்றாவது ஒயரும்

டெஸ்க்டாப்புக்குத் தனியாக சவுண்ட் கார்டு வாங்கக் கிளம்பியிருக்கிறீர்களா? கடைக்குப் போவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு 3,400 ரூபாய் போயிற்று.

ஊர் ஆடுதுறை. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். தம்பிக்கு கேம், அப்பாவுக்கு நாதஸ்வரம், அம்மாவுக்கும் எனக்கும் ராத்திரியில் படம். ஒலிக்கு லோக்கலில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். போன சித்திரையில் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வர ஆரம்பித்தது. பாட்டு ஓடும்போது தெரியாது, நிறுத்தினால் வண்டு குடைகிற மாதிரி கேட்கும். மதர்போர்டு ஆடியோ போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். முதல் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “கேம், மியூசிக், மூவி மூணுக்கும் இது ஒண்ணே போதும் சார்” என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதன் மேல் தங்க எழுத்தில் 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), ஒலியின் துல்லியத்துக்கு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். உள்ளே இருந்த கார்டு பார்க்க கம்பீரமாகத்தான் இருந்தது. விலை உயர்ந்த கார்டுகளில் வருவது போல மேலே கறுப்புத் தகடு மூடியிருந்தது. பின்பக்கம் நாலு ஓட்டை. என் ஆம்ப்ளிஃபயருக்கு முன் ஜோடி, பின் ஜோடி, சென்டர்-சப்வூஃபர் என்று மூன்று ஒயர் வேண்டும். கார்டிலோ அவுட் இரண்டு, லைன்-இன் ஒன்று, மைக் ஒன்று. “மூணாவது ஒயரை எங்க சார் மாட்டறது?” என்றேன். “டிரைவர் போட்டதும் மைக் ஓட்டையே சென்டரா மாறிடும்” என்றார். இப்படி ஓட்டையின் வேலை மாறுவது நிஜமாகவே உண்டு என்பதால் நம்பிவிட்டேன்.

பில் கேட்டேன். “பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?” என்றார். துண்டுச் சீட்டில் ‘சவுண்ட் கார்டு 1’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவும் என் தப்புதான்.

வீட்டில் மாட்டினேன். மைக் ஓட்டை கடைசி வரைக்கும் மைக் ஓட்டையாகவே இருந்தது. படம் போட்டால் மழைச் சத்தமும் பின்னணி இசையும் வருகின்றன, வசனத்தைக் காணோம். 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வைக்கப்பட்டிருக்கும். டிரைவர், அதாவது கார்டை ஓட்டும் சாஃப்ட்வேர், ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்து சென்டருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது, வெளியே வர வழியில்லை. “என்னடா எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறாங்க?” என்றார் அம்மா.

அடுத்து தம்பி. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேமில் எதிராளி எந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறான் என்பது ஹெட்போனில் தெரிய வேண்டும். டிரைவரில் இருந்த ‘7.1’ பட்டனை அழுத்தினான். எல்லாவற்றுக்கும் எதிரொலி சேர்ந்ததே தவிர திசை வரவில்லை. “அண்ணே, பாத்ரூமுக்குள்ள நின்னு சுடுற மாதிரி இருக்கு” என்றான். அதைவிடச் சுருக்கமாக என்னால் விமர்சனம் எழுத முடியாது. ஹெட்போனுக்கு இரண்டே காதுதான். அதில் திசையைக் காட்டுவது கணக்குப் போடும் சாஃப்ட்வேரின் வேலை. விண்டோஸ் 10-இலேயே விண்டோஸ் சோனிக் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, அது இந்தப் பட்டனைவிட எவ்வளவோ மேல்.

அப்பாவிடம்தான் நிஜமான பரீட்சை. அவருக்குப் பக்கத்து ஊர்க்காரர், நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுத் தோடி. அது மோனோ காலத்துப் பதிவு, 7.1-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டின் கரகரப்பு அவருக்குப் பழக்கம், அதைத் தாண்டிக் கேட்டுவிடுவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், “இடையில எலி ஓடுதுடா” என்றார். நான் வாங்கிக் கேட்டேன். ஒரு பிடி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மவுஸை நகர்த்தினால் ‘கிர்ர்’. நிறுத்தினால் அதுவும் நின்றது. எலி என்று அவர் சொன்னது சரிதான்! கம்ப்யூட்டருக்குள் ஓடும் சிக்னல்கள் ஒலிப் பாதைக்குள் கசிகின்றன. எந்தக் கார்டானாலும் சத்தமான பாட்டைப் போட்டுச் சோதிக்காதீர்கள். பாட்டை நிறுத்தி, வால்யூமை ஏற்றி, மவுஸை ஆட்டிப் பாருங்கள்.

அன்று ராத்திரி கார்டைக் கழற்றினேன். கறுப்புத் தகடு ஸ்க்ரூ கூட இல்லாமல் டபுள் டேப்பில் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினதும் வந்துவிட்டது. உள்ளே பாதி போர்டு காலி. நடுவில் ஒரு சிப், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்தால் சி-மீடியா 8738. பிசிஐ என்ற பழைய ஸ்லாட் காலத்துச் சிப், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. இந்தக் குடும்பத்தில் ஆறு சேனல் (தனித்தனி ஒலிப் பாதை) வகையும் உண்டு, எனக்கு வாய்த்தது நாலு சேனல். பக்கத்தில் இன்னொரு குட்டிச் சிப்பை வைத்து இன்றைய பிசிஐ-ஈ ஸ்லாட்டில் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். சிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை, அதன் காலத்தில் ஒழுங்காக உழைத்த சிப்தான். அதற்கு 7.1 வேஷம் கட்டி 3,400-க்கு விற்றதுதான் அயோக்கியத்தனம். அதே சிப் போட்ட கார்டு ஆன்லைனில் எழுநூறு ரூபாய்க்குக் கிடந்தது.

ஸ்டிக்கரை உரிக்காமலே கண்டுபிடிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ். அதில் வெண்டர் எண், அதாவது சிப்பைச் செய்த கம்பெனியின் எண், இருக்கும். கிரியேட்டிவ் கார்டு என்றால் 1102. சி-மீடியா என்றால் 13எஃப்6. பெட்டியில் ஒரு பேரும் இங்கே வேறொன்றும் இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். கடையில் ஒரு சிஸ்டத்தில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் ஸ்பீக்கர் டெஸ்டில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பேச வேண்டும். முடியாது என்றால் ஓட்டையையாவது எண்ணுங்கள். அனலாக் 5.1-க்கு மூன்று அவுட், 7.1-க்கு நாலு. ஒரே ஹெட்போன் ஓட்டையோடு பென்டிரைவ் சைஸில் வரும் ‘7.1’ யூஎஸ்பி கார்டுகளில் வெளியே வருவது இரண்டு சேனல், மீதி டிரைவர் காட்டும் வித்தை.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். “ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே சார்” என்றார். சிப்பில் எழுதியிருந்ததைக் காட்டினேன். “இதெல்லாம் கம்பெனி சமாச்சாரம்” என்றார். விற்ற பொருள் வாபஸ் இல்லை என்ற போர்டையும் காட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அதே கணக்குத்தான். அவர் கண்ணெதிரிலேயே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போட்டேன். பேச்சு கொஞ்சம் இறங்கியது. கடைசியில் கிடைத்தது 1,500 ரூபாய் ரொக்கமும் ஒரு கீபோர்டும். ஒழுங்கான பில் இருந்திருந்தால் முழுத் தொகைக்கும் நின்றிருப்பேன்.

இத்தனைக்கும் அந்த ‘ம்ம்ம்’ புதுக் கார்டிலும் அப்படியே இருந்தது. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கம்ப்யூட்டர் கேபினட்டில் டெஸ்டரை வைத்தார். லைட் எரிந்தது. “தொட்டா சுருக்குனு இருக்குமே தம்பி, தெரியலையா?” என்றார். தெரிந்துதான் இருந்தது, கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். கோளாறு எர்த்தில்தான். கொல்லையில் எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது. மேட்டூர் அணையில் ஜூன் 12-க்குத் தண்ணீர் திறந்தால்தான் எங்கள் பக்கம் மண்ணில் ஈரம். கம்பியில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டி இறுக்கி, உப்பும் கரியும் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் நின்றுவிட்டது. கூலி 400 ரூபாய்.

மதர்போர்டில் இருந்த பழைய ரியல்டெக் ஆடியோவிலேயே ஒயர்களை மறுபடி மாட்டினேன். அதில் மூன்றே ஓட்டை. செட்டிங்கில் 5.1 என்று மாற்றியதும் நீல நிற லைன்-இன் ஓட்டை பின் ஸ்பீக்கராகவும், பிங்க் நிற மைக் ஓட்டை சென்டராகவும் மாறிவிட்டன. கடைக்காரர் சொன்ன அதே வித்தை, நான் காசு கொடுக்காத இடத்தில்.

இப்போது வெயில் ஏறினால், கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற கையோடு எர்த் குழிக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார் அம்மா.