பட்டாம்பூச்சி பார்க்க ஒரு பைனாகுலர்: நான்கு கோடைக்குப் பிறகு

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பைனாகுலர் போன வாரம் திரும்பி வந்தது. அதே நாளில் நண்பர் ஒருவர், "பட்டாம்பூச்சி பார்க்க நானும் இதையே வாங்கலாமா?" என்று கேட்டார். அப்போது கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். அதனால் இப்போது பொறுமையாக எழுதுகிறேன்.

இது ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகும் ரகம். பறவை பார்க்க வேறு நல்லவை உண்டு. பட்டாம்பூச்சிக்கு இந்த ஒரு குணம்தான் வேண்டும்.

கோடைத் தொடக்கத்தில் வயலோரமாக நடக்கும்போது, வெயில் ஏறும் நேரம்தான் இதற்கு ஏற்ற நேரம். உடம்பு சூடேறாமல் பட்டாம்பூச்சியால் பறக்க முடியாது. இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நம் நிழல் அதன்மேல் விழாமல் நின்றால் போதும். சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டிப் பூவுக்குள் விடுவதை முதல்முறை பார்த்த அன்று, கை வலிக்கும்வரை பைனாகுலரைக் கீழே இறக்கவே இல்லை. நீலன்கள் என்னும் விரல்நகம் அளவுள்ள பட்டாம்பூச்சிகளை மேலிருந்து பார்த்து இனம் பிரிப்பது கடினம். அடிப்புறப் புள்ளிகளும் கோடுகளும்தான் அடையாளம். முன்பு படமெடுத்து வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தவற்றை இப்போது நின்ற இடத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் பெண்களில் சில, ரோஜா அழகி என்னும் வேறோர் இனத்தைப் போலவே வேடம் போடும். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, கறிவேப்பிலை அழகிக்குக் கறுப்பு. அது தெளிவாகத் தெரிந்த பிறகு, என் பழைய குறிப்பேட்டில் சந்தேகமான பதிவுகளை எல்லாம் அடித்துவிட்டேன். இதை எனக்குச் செய்து கொடுத்த கருவி இதுதான்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன்.

ஃபோகஸ் சக்கரம் அநியாயத்துக்கு இறுக்கம். பிரிட்டிஷ் சூழலியலாளர் எர்னி போலார்ட் 1970களில் வகுத்த முறைப்படித்தான் நான் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுக்கிறேன்: ஒரே பாதை, சீரான நடை, பக்கத்துக்கு இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும்தான் எண்ண வேண்டும். ஒரு நீலன் காலடியில் உட்காரும், அடுத்தது நான்கு மீட்டர் தள்ளி உட்காரும். லென்சுக்கு இருபது மீட்டரும் நூறு மீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். சக்கரத்தை அதிகம் திருப்ப வேண்டியது இந்த ஐந்து மீட்டருக்குள்தான். அது ஒளியியலின் இயல்பு, செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறுக்கம் அவர்கள் செய்தது. திருப்பி முடிப்பதற்குள் பூச்சி பறந்துவிடுகிறது. ஒரு கையில் குறிப்பேடு வேறு. எத்தனை நாள் பழகியும் இந்தத் தொல்லை குறையவில்லை.

இதைச் சரிசெய்யத்தான் அனுப்பினேன். பட்டாம்பூச்சிகள் பெருகியிருந்த ஒரு மாதம் முழுக்க அது பட்டறையில் கிடந்தது. உள்ளிருந்த தூசியைத் துடைத்திருக்கிறார்கள், அதுவரை நல்லது. சக்கரத்தை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

அதனால் வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். மேலே எழுதிய ஒரு பாராட்டையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் இந்த ஞாயிறு நடையில் பதினொரு பூச்சிகளுக்கு நேரே "நீலன், இனம் தெரியவில்லை" என்று எழுத வேண்டியிருந்தது. பதினொன்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தன.