ரிம்மில் அஞ்சு ஓட்டை சரியாக இருந்தால் போதும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்

என் காடி (கார்) 2008 ஹோண்டா சிஆர்-வி. ஜாலான் ஈப்போவில் ஒரு குழியில் விழுந்து ரிம் விரிசல் விட்டது. டயர்களும் தேய்ந்திருந்தன. தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் போவதற்குள் நான்கு ரிம்மையும் டயரையும் மாற்றிவிடலாம் என்று கோலாலம்பூரில் ஒரு டயர் கடைக்குப் போனேன். மொத்தம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

"17 இஞ்ச் ரிம் எதுக்கு அண்ணே? 18 போடுங்க, காடி எடுப்பா இருக்கும். அஞ்சு ஓட்டை, 114.3, அப்படியே உக்காரும்" என்றார் கடைக்காரர். ஐந்து நட்டு ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர் என்ற கணக்கு உண்மைதான். மற்றதெல்லாம்தான் தப்பு.

சுங்கை பூலோ தாண்டி 90ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறியது. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் பின்பக்கம் டக் டக்கென்று சத்தம். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி வீல் நட்டைத் தொட்டேன். சுழன்றது. ஸ்பேனர் வைக்காமலே, வெறும் விரலில். ஐந்தில் மூன்று நட்டு அப்படி. பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நட்டை முறுக்கிவிட்டு, இடது தடத்திலேயே ஊர்ந்து ஈப்போவில் மாமாவின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் ஒரு நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். "இது ஹோண்டா ஒரிஜினல் நட்டு மாப்ள, மூக்கு உருண்டையா இருக்கும். இந்த ரிம்முக்குக் கூம்பு மூக்கு வேணும்." ரிம்மில் நட்டு உட்காரும் குழியைப் பார்த்தேன். முழுசாகப் பதிந்த அடையாளமே இல்லை. மெல்லிய வளையமாக ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தடவினால் விரலில் அலுமினியத் தூள். எவ்வளவு முறுக்கினாலும் அந்த நட்டு பிடிக்காது, தானாகக் கழன்றுகொண்டே வரும்.

உதறலுக்குக் காரணம் வேறு. சிஆர்-வியின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் குமிழ், 64.1 மில்லிமீட்டர். இந்த ரிம்மின் நடு ஓட்டை 73.1. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும், சில வெள்ளி சாமான். அதையும் போடவில்லை.

டயர் அளவு இன்னொரு கொடுமை. பழையது 225/65ஆர்17, மாட்டியது 235/50ஆர்18. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் இஞ்ச். ரிம் பெரிதானாலும் மொத்த விட்டம் 32 மில்லிமீட்டர் குறைந்து, காடி 16 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது. மீட்டர் 110 காட்டும்போது உண்மையில் ஓடுவது சுமார் 105. பாரக் குறியீடும் 102லிருந்து 97க்கு இறங்கிவிட்டது. ஒரு டயர் 850 கிலோ தாங்கிய இடத்தில் இப்போது 730 கிலோ. 18தான் வேண்டுமென்றால் 225/60ஆர்18 கேளுங்கள், விட்டம் கிட்டத்தட்ட அதேதான். பாரக் குறியீட்டையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது டயரின் வயது. கடையில் ஒரு டயரைக் காட்டி, "பாருங்க அண்ணே, புதுசு" என்றார். பார்த்தேன், புதுசுதான். மாமா காடியைத் தூக்கி உள்பக்கத்தைத் துடைத்தபோது, இரண்டு டயரில் 3816 என்றிருந்தது. 2016இன் 38ஆவது வாரத்தில் செய்தது. தேதி எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அதை உள்ளே திருப்பி மாட்டி, வெளியே கறுப்புப் பாலிஷ் அடித்திருக்கிறார்கள். மாட்டுவதற்கு முன்பே நான்கையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "மாட்டின சாமான் திருப்பி எடுக்க மாட்டோம். ரசீதுல புதுசுன்னு எழுதியிருக்கா?" என்றார். ரசீதில் 'ரிம் டயர் 4' என்று மட்டும்தான் இருந்தது.

இப்போது மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ரிம்களையும் அந்த இரண்டு டயர்களையும் எறியாமல் வைத்திருக்கிறேன், குழிகளைக் கிட்டத்தில் படமும் எடுத்துவிட்டேன். மாமா ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளின் கழற்றிய சாமான் விற்கும் கடை) அசல் 17 ரிம் நான்கு தேடிக் கொடுத்தார். புது டயர் வாங்கிய கடையில், அளவையும் நான்கு டயரின் தேதி எண்ணையும் ரசீதில் எழுதச் சொன்னேன். கடைக்கார அம்மா மறுபேச்சில்லாமல் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.