மாமூத்தின் வயிற்றில் செம்பு: வெள்ளிக் காசு சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

31.1 கிராம். இணையத்தில் வாங்கிய வெள்ளிக் காசைத் தராசில் வைத்து அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. வெள்ளி, தங்கத்தை எடைபோடும் அளவான ஒரு டிராய் அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. அப்புறம் என்ன சந்தேகம்?

2020-இல் பிரிட்டனின் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட், மெகலோசரஸ், இகுவானோடான், ஹைலியோசரஸ் என்று மூன்று டைனோசர்களை 50 பென்ஸ் காசில் அடித்தது. 1842-இல் ரிச்சர்ட் ஓவன் 'டைனோசர்' இனத்துக்குப் பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட அதே மூன்று. அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தப் பித்து. அப்படித் தேடும்போதுதான் இணையத்தில் நான்கு காசுத் தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. மாமூத், வாள்பல் பூனை, மெகலோடான் சுறா, டைரனோசரஸ். தலைப்பில் 'ஒரு அவுன்ஸ், .999 வெள்ளி', அதாவது 99.9 சதவீதம் சுத்தம். விலையோ அன்றைய வெள்ளி விலைதான், ஒரு பைசா கூடுதல் இல்லை. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். சேகரிப்புக் காசு பொதுவாக வெள்ளி விலைக்கு மேல்தான் போகும். அடிக்கிற கூலி, விற்பவர் லாபம் எல்லாம் அதில் உண்டு. வெறும் உலோக விலைக்குக் கொடுக்க அவருக்கு என்ன வேண்டுதலா?

வந்ததும் எனக்குத் தெரிந்த சோதனையெல்லாம் செய்தேன். காசைச் சாய்த்துப் பிடித்து வலுவான காந்தத்தை மேலே விட்டேன். ஒட்டவில்லை, மெதுவாகச் சறுக்கி இறங்கியது. ஐஸ் கட்டியை வைத்தேன், கடகடவென்று உருகியது. இரண்டும் வெள்ளியின் குணம். செம்பின் குணமும் அதுவே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கண்டுபிடித்தது என் மகள். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, டி-ரெக்ஸுக்கு ரெண்டு விரல்தானே? இதுல மூணு இருக்கே" என்றாள். விரலைப் பார்க்கப் போன நான், விளிம்போரம் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன். '100 மில்ஸ் .999'. அதாவது .999 வெள்ளிதான், ஆனால் முலாம். 'மில்ஸ்' என்பது பூச்சைக் குறிக்க விற்பவர்கள் போடும் சொல். ஒரு அவுன்ஸ் என்பது மொத்தக் காசின் எடை. நாட்டின் பெயரும் முகமதிப்பும் எங்கேயும் இல்லை. தனியார் அடிக்கும் நல்ல வெள்ளி வில்லைகளிலும் அவை இருக்காது, அது குற்றமில்லை. ஆனால் அதை 'நாணயம்' என்று விற்கக் கூடாது.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீரில் மூழ்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் காசின் கன அளவு. வெள்ளியின் அடர்த்தி 10.49, ஆகவே ஓர் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 2.96 வர வேண்டும். என் மாமூத் 3.46 காட்டியது. செம்பின் அடர்த்தி 8.96. 31.1-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 3.47 வரும். எடையைச் சரிக்கட்டக் காசைத் தடிமனாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்கு காசும் அதே கதை.

விற்றவருக்கு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது: "நாங்கள் எதையும் மறைக்கவில்லை, காசிலேயே பொறித்திருக்கிறது. மேலும் உறை பிரித்த காசைத் திரும்பப் பெறுவதில்லை." உறையைப் பிரிக்காமல் தண்ணீரில் எப்படி முழுக்குவது? கூடவே வந்த சான்றிதழில் வரிசை எண், தங்க நிற முத்திரை எல்லாம் இருந்தன. உலோகம் என்ன என்ற வரி மட்டும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் 'இதில் சுத்த வெள்ளி எத்தனை கிராம்?' என்று எழுத்தில் கேளுங்கள். 'கிளாட்', 'லேயர்டு', 'மில்ஸ்' என்ற சொல் எங்கே தென்பட்டாலும் முலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஜெர்மன் சில்வர்' என்றால் அதில் வெள்ளியே கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பிரித்துச் சோதித்தாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டைரனோசரஸ் இப்போது மகளின் பொம்மைப் பெட்டியில் கிடக்கிறது. அந்த மூன்றாவது விரலைக் காம்பஸ் முனையால் சுரண்டி எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் சிவப்பாகச் செம்பு தெரிகிறது.