புதைந்த கேஸ் பைப்புக்கு டேப்பா, எபாக்ஸியா?

கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையத்தை ஒட்டிய பழைய கேஸ் லைன் ஒன்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க மறுபடி கோட்டிங் போட வேண்டி வந்தது. பாலிஎத்திலீன் டேப் சுற்றலாம், இல்லையென்றால் திரவ எபாக்ஸி, அதாவது பூசிய பிறகு இறுகிவிடும் பிசின், பூசலாம். நாங்கள் எபாக்ஸி பூசினோம்.

விலையிலும் வேகத்திலும் டேப்தான் முந்தும். பிரைமர் தடவி, சுற்றி, அன்றே குழியை மூடிவிடலாம். எபாக்ஸிக்குக் கிரிட் பிளாஸ்டிங் (கரடான துகள்களை வேகமாக அடித்து எஃகைச் சுத்தம் செய்வது) வேண்டும், ஈரமில்லாத வானிலை வேண்டும், காயும்வரை காத்திருக்கவும் வேண்டும். சரி, அதில் வாதமே இல்லை.

எந்தக் கோட்டிங்கும் என்றாவது ஒட்டு விடும். விட்ட பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். டேப் கிழியாமல், நீளவாட்டு வெல்டின் மேட்டோரமாகக் கூடாரம்போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் தண்ணீர் புகும். துருவைத் தடுக்க மண் வழியாகப் பைப்புக்குச் சிறு மின்னோட்டம் அனுப்புவதைக் கத்தோடிக் பாதுகாப்பு என்பார்கள்; டேப் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அது உள்ளே அரைகுறையாகத்தான் எட்டும். தரைக்கு மேலே நின்று அளந்தால் அந்தப் பாதுகாப்பின் ரீடிங் என்னவோ நன்றாகவே இருக்கும்.

அரைகுறையாக எட்டும் மின்னோட்டம் தண்ணீரைக் காரமாக்குகிறது. மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர, பிஎச் 9-க்கு மேல் ஒரு கார்பனேட்-பைகார்பனேட் கரைசல் உருவாகிறது. அதில் எஃகின் படிகத் துகள்கள்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து காக்கும்; துகளும் துகளும் சேரும் எல்லைகளில் மட்டும் அது நிலைப்பதில்லை. உள்ளே கேஸ் அழுத்தம் பைப்பை விரிக்கப் பார்க்க, எல்லை கரைந்து விரிசல் விடும். விரிசல் முனையில் படலம் திரும்பத் திரும்ப உடைவதால் கரைவது நிற்காது. சுவரின் தடிமனோ குறையவே குறையாது, அதனால் தடிமன் அளக்கும் கருவிக்கு எதுவும் தெரியாது. கம்ப்ரசரைத் தாண்டி வரும் கேஸின் சூடு இதை இன்னும் வேகப்படுத்தும். 1965 மார்ச்சில் அமெரிக்காவின் லூசியானாவில், நாக்கடிஷ் அருகே 17 பேரைக் கொன்ற பைப்லைன் வெடிப்புக்கு இந்த வகை விரிசல்தான் காரணம். கனடாவில் 1980-களில் தெரியவந்தது வேறு வகை: எல்லைகளை விட்டுவிட்டுத் துகள்களுக்கு ஊடாகவே வெட்டிப் போகும் விரிசல். அதுவும் கழன்ற டேப்புக்கு அடியில்தான் அதிகம் கிடைத்தது.

எபாக்ஸி ஒட்டு விட்டாலும் பெரும்பாலும் மின்னோட்டத்தை மறிப்பதில்லை. அப்புறம், பிளாஸ்டிங்கில் மேற்பரப்பு இறுக்கப்படுவதால் விரிசல் தொடங்குவதே கஷ்டம். டேப்புக்கு அடியிலும் பிளாஸ்டிங் செய்யலாமே என்றால் செய்யலாம். செலவு ஏறிவிடும், டேப்பின் கவர்ச்சியே போய்விடும்.

எபாக்ஸிக்குக் கல் ஆகாது, பெயர்ந்துவிடும். மூடும்போது சுற்றிலும் மணல் போட்டோம். பல பத்தாண்டு ஆன எபாக்ஸியை நான் தோண்டிப் பார்த்ததில்லை, எவ்வளவு காலம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அழுத்தம் குறைந்த தண்ணீர்க் குழாய் என்றால் நானே டேப் சுற்றிவிடுவேன். பழைய தார்க் கோட்டிங்கும் புதிய எபாக்ஸியும் சேரும் விளிம்பில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அடுத்த முறை தோண்டினால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.